கிருஷ்ணைக் கரையில் மூன்று நாள்

வெளிமாநிலத்தில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊர்ப் பயணம் என்றே பொருள். இரண்டு மாதங்களுக்கு முன்பே ரயிலுக்கு முன்பதிவு செய்கிறோம். உறவினர் வீடுகளுக்குப் பட்டியல் போடுகிறோம். திருமணங்களுக்கும் காதுகுத்து விழாக்களுக்கும் நாள்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறோம். பத்து நாள் கழித்து, போனதைவிடக் களைத்துப்போய் புனே நிலையத்தில் வந்து இறங்குகிறோம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்த மண்ணின் கடன் அது. ஆயினும் உண்டு, உறங்கி, பிள்ளைகளை வளர்த்து, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இந்த மண்ணை நாம் அறிந்திருக்கிறோமா? வானவடியில் பதினான்கு ஆண்டுகளாக வாழும் நான் இக்கேள்வியைச் சென்ற தை மாதம்வரை என்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. கேட்கும்படி செய்தவர் என் தந்தையார்.

என் அன்னையார் மறைந்த பின், சென்னையில் தனித்திருந்த தந்தையாரை எங்களோடு அழைத்து வந்தோம். அவருக்கு வயது எழுபத்தெட்டு. தஞ்சைக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் வாழ்ந்தவர். எங்கள் வீடு ஐந்தாம் மாடியில் இருக்கிறது. காலையில் நானும் மனைவியும் அலுவலகம் போய்விடுவோம். பதினொரு வயது மகன் பள்ளிக்குப் போய்விடுவான். தந்தையார் முன்வாயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இராணுவ வளாகத்தின் மரங்களைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். காவற்காரர் ஏதாவது கேட்டால் புன்னகை ஒன்றே அவரிடம் இருந்த மொழி. பேரனிடம் பேசலாமென்றால், அவன் தமிழைப் பேசுவானே தவிர எழுத்தறியான். ஆங்கிலமும் மராட்டியும் இந்தியும் பள்ளியில் படிக்கிறான். தாத்தா வாசிக்கும் நாளிதழை அவன் படம் பார்ப்பதுபோல் பார்ப்பான். அவன் பாடப்புத்தகத்தைத் தாத்தாவும் அவ்வாறே பார்ப்பார். ஒரே வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் எழுத்தறியாதவர்களாக இருந்தார்கள்.

மார்கழி பிறந்ததும் தந்தையார் என்னிடம், "பொங்கல் கழிந்ததும் என்னை ஊருக்கு அனுப்பிவிடப்பா. இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் எனக்கு இங்கே வேலையுமில்லை" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை.

வானவடியும் ஒரு சமாதியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கால்நடையாக ஷிண்டே சத்ரிக்கு அழைத்துச் சென்றேன். வானவடியில் இருப்பவர்கள் நாள்தோறும் அதன் பக்கமாகப் போகிறோம். உள்ளே போனவர் சிலரே. பானிபட்டுப் போரில் 1761-இல் மராட்டியர் வீழ்ந்தபோது காலில் காயத்தோடு உயிர் தப்பி, பின்னர் வடஇந்தியாவில் மராட்டியர் செல்வாக்கை மீண்டும் நிலைநாட்டியவர் மகாத்ஜி ஷிண்டே. அவர் 1794 பிப்ரவரி 12-ஆம் நாள் இதே வானவடியில் உயிர் நீத்தார். அவர் கட்டுவித்த சிவன் கோயிலும் அவருடைய நினைவிடமும் இங்கே உள்ளன. அலங்கார மண்டபம் பிற்காலத்தில் குவாலியர் ஷிண்டே மன்னர்களால் எழுப்பப்பட்டது.

தந்தையார் நெடுநேரம் அங்கே நின்றார். பிறகு, "மராட்டியர் எனக்கு அந்நியர் அல்லரே!" என்றார். உண்மைதான். சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான தம்பி வெங்கோஜி, நம்மவர் வாக்கில் ஏகோஜி, 1670-களின் நடுவில் தஞ்சையைக் கைப்பற்றினார். அவர் வழியினர் 1855 வரை தஞ்சை அரண்மனையில் இருந்தனர். சரஸ்வதி மகால் நூல்நிலையத்தைப் பெருக்கிய இரண்டாம் சரபோஜி மன்னர், தம் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை 1803-இல் பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் மராட்டி மொழியில் பொறிக்கச் செய்தார். "சிறுவனாக இருந்தபோது அந்தக் கல்வெட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே சுற்றி வருவேன். என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டால் சொல்வார் ஒருவருமில்லை" என்றார் தந்தையார்.

"எனக்குக் காட்டினால் நான் படித்துச் சொல்வேனே, தாத்தா!" என்றான் என் மகன்.

அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எங்கள் பயணத் திட்டம் பிறந்தது. மராட்டிய நாட்டின் கிராமம் ஒன்றில் இவ்விருவரையும் சில நாள் சேர்ந்திருக்கச் செய்ய வேண்டும் என்று எண்ணினேன்.

திட்டமிட்ட கதை

திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீண்ட விடுமுறையில் மகாபலேசுவரம் போனோம். இரண்டு நாளில் பதினான்கு இடங்கள் என்று கணக்கிட்டிருந்தேன். மலைப்பாதையில் மணிக்கணக்காக முன்னே நிற்கும் வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். காட்சி முனைகளில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். பள்ளத்தாக்கைப் பார்த்தோமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன்பணம் கட்டிய விடுதியில் இரண்டாம் மாடி அறையைக் கொடுத்தார்கள், வெந்நீரும் வரவில்லை. வீடு திரும்பியதும் மனைவி சொன்னது: "இனிமேல் ஓய்வு வேண்டுமென்றால் வீட்டிலேயே இருப்போம்."

ஆகவே இம்முறை நான் எழுதிவைத்த பன்னிரண்டு இடங்களின் பட்டியலை அவளிடமே நீட்டினேன். அவள் பென்சிலை எடுத்து ஒன்பதை அடித்துவிட்டாள். எஞ்சியவை மூன்று: மேணவலி, வாய், தோம். "மாமாவால் ஒரு நாளைக்கு ஓரிடம்தான் பார்க்க முடியும். நமக்கும் அவ்வளவுதான் முடியும், நாம் ஒப்புக்கொள்வதில்லை" என்றாள். எங்கள் வீட்டில் நிகழ்ந்த சிறந்த திட்டமிடல் அந்தப் பென்சில் கோடுகளே என்று இன்றும் சொல்வேன்.

அடுத்து நாள் குறித்தோம். போகியன்று புறப்பட்டு மாட்டுப் பொங்கலன்று திரும்புவது. இந்நாட்டில் அது நீண்ட விடுமுறைக் காலம் அன்று. மலைச் சாலைகளில் நெரிசல் குறைவு. மழை ஓய்ந்து நெடுநாளாகியிருக்கும். குளிரும் முதியோர் தாங்கும் அளவில் இருக்கும். மேணவலிக்கு அருகே, வயல் நடுவே, ஒரு வேளாண் குடும்பத்தார் தம் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுவதை நண்பர் ஒருவர் சொன்னார். நான் தொலைபேசியில் அவர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டேன். அறை தரைத்தளத்தில் உள்ளதா? கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, உட்காரும் வகையா? இரவில் அவசரம் என்றால் வாய் ஊருக்கு வண்டி கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்ற பிறகே பணம் அனுப்பினேன். இயற்கைக் காட்சி எப்படி இருக்கும் என்று கேட்கவே மறந்துவிட்டேன். நல்லவேளையாக அதுவும் இருந்தது.

வழி

புனேயிலிருந்து வாய் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வானவடியிலிருந்து கொண்ட்வா வழியாகக் கத்ரஜ் சென்று பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தோம். டில்லியில் தொடங்கிச் சென்னையில் முடியும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. இதையறிந்ததும் தந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியென்றால் இப்படியே போனால் வேலூர், காஞ்சிபுரம் எல்லாம் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். அதன்பின் அந்தச் சாலையை அவர் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது.

வழிப் பலகைகளைப் படிக்கும் உத்தியோகம் மகனுக்குக் கொடுக்கப்பட்டது. கேட் சிவாபூர், நஸ்ராபூர், ஷிர்வள் என்று அவன் படிக்கப் படிக்க, தாத்தா திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். கபூர்ஹோளில் பிரியும் சாலை கேத்காவளேக்குப் போகிறது. திருப்பதிக் கோயிலின் அமைப்பில் எழுப்பப்பட்ட பாலாஜி கோயில் அங்கே இருப்பதை நம் வாசகர் பலர் அறிவர். அங்கும் போகலாமே என்று எனக்கு ஆசை எழுந்தது. மனைவி பென்சிலை நினைவூட்டினாள். நீரா ஆற்றைத் தாண்டி, கம்பாட்கி மலையைக் கடந்து, சுரூரில் வலப்பக்கம் திரும்பினோம். நெடுஞ்சாலையின் இரைச்சல் ஓய்ந்தது. இருபுறமும் கரும்பு. எதிரே, மேசைபோல் தலை தட்டையான மலைகள். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டான தக்காணப் பாறை அது. அதனால்தான் இம்மலைகள் படிக்கட்டுகளைப் போல் தோன்றுகின்றன என்று மகன் தன் பாடத்திலிருந்து விளக்கினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நண்பகல். வீட்டுப் பாட்டியம்மையார் எள் தூவிய கம்பு ரொட்டியும், அவரை, கத்தரி, கேரட், பச்சைக்கடலை எல்லாம் சேர்த்துச் சமைத்த ஒரு கூட்டும் பரிமாறினார். "இன்றைக்குப் போகி அல்லவா? போகி நாளில் இதைத்தான் சமைப்போம்" என்றார். மகன் மொழிபெயர்த்தான். தந்தையார் கையிலெடுத்த கவளத்தை நிறுத்திவிட்டு, "இவர்களுக்கும் போகியா!" என்றார். சங்கராந்திக்கு முந்திய நாளை மராட்டியரும் போகி என்றே அழைக்கிறார்கள். பதினான்கு ஆண்டுகள் இந்நாட்டில் இருந்தும் அந்தச் செய்தி எனக்குப் புதிது. ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உண்டால்தான் இத்தகைய செய்திகள் வந்து சேரும் போலும்.

மேணவலி மணி

மறுநாள் பொங்கல். பாட்டியம்மையார் அனுமதியோடு முற்றத்தில் அடுப்புக் கூட்டி, கொண்டுபோயிருந்த பானையில் மனைவி பொங்கலிட்டாள். கரும்புக்குக் குறைவில்லை, வீட்டுக்காரர் வயலிலிருந்தே இரண்டு கழிகள் வெட்டி வந்தார். பால் பொங்கியபோது நாங்கள் குரலெழுப்ப, அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் பொருள் தெரியாமலே கூடக் கூவினார்கள். பிறகு அவர்கள் எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டையைக் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்தினார்கள். நாங்கள் பொங்கலைக் கொடுத்தோம். இரண்டு வீட்டு வெல்லமும் இடம் மாறிக்கொண்டது.

வெயில் ஏறியதும் மேணவலி சென்றோம். வாய் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். பேஷ்வாக்களின் அமைச்சராக இருந்து அறிவாற்றலுக்குப் பெயர் பெற்ற நானா பட்னவீஸின் மாளிகை அங்கே இருக்கிறது. இந்த நானா, நம் வானவடியில் உயிர் நீத்த மகாத்ஜியின் காலத்தவர். ஒருவர் புனேயில் அரசை நடத்தினார். மற்றவர் வடக்கே படையை நடத்தினார். ஒருவரையொருவர் முழுதும் நம்பியதுமில்லை, ஒருவரின்றி மற்றவரால் இயன்றதுமில்லை. ஒருவர் நினைவிடத்திலிருந்து புறப்பட்டு மற்றவர் வாயிலை அடைந்தோம் என்பது வழியில்தான் எனக்கு உறைத்தது.

மாளிகைக்குப் பின்னே கிருஷ்ணை ஆறு. பிறைவடிவில் வளைந்து இறங்கும் கற்படித்துறை. கரையில் மேணேசுவரர் கோயிலும் திருமால் கோயிலும். ஷாருக் கான் நடித்த 'ஸ்வதேஸ்' என்ற இந்திப் படம் (2004) இங்கே எடுக்கப்பட்டதாம். வெளிநாட்டிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பும் ஒருவனின் கதை அது. எங்கள் கண்ணைக் கவர்ந்தது சிவன் கோயிலருகே தொங்கும் ஒரு பெரிய வெண்கல மணி. அதில் குழந்தை இயேசுவை ஏந்திய மரியன்னையின் உருவமும் 1707 என்ற ஆண்டும் உள்ளன. 1739-இல் பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா வசைக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து வென்றபோது, அங்குள்ள தேவாலய மணிகள் வெற்றிச் சின்னங்களாகக் கொண்டுவரப்பட்டுப் பல கோயில்களில் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று இது.

"மாதா கோயில் மணி சிவன் கோயிலில் இருக்கலாமா, தாத்தா?" என்று கேட்டான் மகன். தந்தையார் சற்று யோசித்து, "போரில் எடுத்து வந்தது நியாயமா என்று தெரியவில்லை. ஆனால் எடுத்து வந்தவர்கள் மாதாவின் உருவத்தை அழிக்கவில்லை, பார்" என்றார். வேற்றூரில் வந்து தொங்கினாலும் தன் முகத்தை இழக்காத அந்த மணியை நான் சற்றுக் கூடுதலாகவே பார்த்து நின்றேன்.

தண்ணீர்

படித்துறையில் நீர் தெளிந்து ஓடியது. தந்தையார் மெல்ல இறங்கி, காலை நனைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தார். "இந்த ஆறு எங்கே போகிறது?" என்று கேட்டார்.

மகாபலேசுவரத்தில் தோன்றும் கிருஷ்ணை, மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம் வழியாக ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, "சென்னைக்கும் போகிறது, அப்பா" என்றேன். 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் சென்னையின் குடிநீருக்காகத் தத்தம் பங்கிலிருந்து ஆண்டுக்கு 5 டி.எம்.சி. வீதம் விட்டுத்தர இசைந்தன. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 1983-இல் தமிழ்நாடும் ஆந்திரமும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த 15 டி.எம்.சி.யில் வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு என்பது கணக்கு. ஸ்ரீசைலம் அணையிலிருந்து புறப்படும் நீர் வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்களைக் கடந்து, கால்வாய் வழியாகப் பூண்டி ஏரியை அடைகிறது. 1996-இல் அது முதன்முதலாகத் தமிழக எல்லையைத் தொட்டது. ஒப்புக்கொண்ட அளவு ஆண்டுதோறும் முழுமையாக வந்ததில்லை என்பதும் உண்மையே.

தந்தையார் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சென்னையில் அவரும் என் அன்னையாரும் தண்ணீருக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, லாரி வரும் ஓசை கேட்டு விடியற்காலையில் இருவரும் குடங்களோடு இறங்கி நிற்பார்களாம். "கிருஷ்ணா தண்ணீர் வந்துவிட்டதாம் என்று உன் அம்மா பேப்பரைப் பார்த்துச் சொல்வாள். எங்கேயோ ஆந்திராவிலிருந்து வருகிறது என்று நினைத்தோம். இங்கேயிருந்தா வந்தது?" என்றார். இரு கைகளாலும் நீரை அள்ளிச் சற்று நேரம் பார்த்துவிட்டு மெல்ல ஆற்றிலேயே விட்டார். "அவள் இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பாள்" என்றார். அன்னையார் மறைந்தபின் அவர் எங்களிடம் அன்னையாரைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை.

வாய் ஊரும் ஒரு களஞ்சியமும்

அன்று மாலை தோம் சென்றோம். கிருஷ்ணையின் குறுக்கே கட்டப்பட்ட அணை அங்கே இருக்கிறது. அணைக்கு அருகிலுள்ள பழைய கோயிலில், தாமரை வடிவான சிறு குளத்தின் நடுவே, ஆமையின் முதுகில் அமைந்த மண்டபத்தில் நந்தி வீற்றிருக்கிறார். குளத்தில் நீர் நிரம்பினால் ஆமை நீந்துவதுபோலவே தோன்றும். கல்லிலே இந்த விளையாட்டை நினைத்த சிற்பி யாரோ, வாழ்க!

மூன்றாம் நாள் காலை வாய். கிருஷ்ணைக் கரையில் அடுத்தடுத்துப் படித்துறைகளும் கோயில்களுமாக இருப்பதால் இதைத் தென்காசி என்று இந்நாட்டார் அழைக்கிறார்கள். நம் திருநெல்வேலிச் சீமைத் தென்காசியை அவர்கள் அறியார் போலும். ஆற்றைக் கிருஷ்ணாபாய் என்று ஒரு பெண்ணாகப் பாவித்து, துறைக்குத் துறை முறைவைத்து விழா எடுக்கிறார்கள். கரையில் கணபதிராவ் ராஸ்தே 1762-இல் கட்டுவித்த கணபதி கோயில் உள்ளது. ஒற்றைக் கல்லில் வடித்த பெரிய திருவுருவம். மக்கள் செல்லமாகத் தொந்திக் கணபதி என்கிறார்கள். கோயிலின் பின்சுவரைப் போய்ப் பார்த்தேன். மீனின் வடிவில் கூர்மையாகக் குவிந்திருக்கிறது. வெள்ளம் வந்து மோதினால் இரண்டாகப் பிரிந்து போய்விடும். பாலத்தூண்களின் முனையைக் கூராக்கும் அதே தந்திரம். அக்கோயில் இரண்டரை நூற்றாண்டுகளாக ஆற்றங்கரையில் நிற்கிறது. ஊர் நடுவே ஆற்றுநீர் மேணவலியில் கண்டதுபோல் தெளிவாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சிற்றூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. மராட்டி மொழியின் கலைக்களஞ்சியமான 'விசுவகோசம்' இங்கிருந்துதான் தொகுக்கப்பட்டது. வடமொழி வல்லுநரும் சீர்திருத்தவாதியுமான தர்க்கதீர்த்த லட்சுமணசாஸ்திரி ஜோஷி (1901–1994) அதன் முதன்மை ஆசிரியர். நம் தமிழில் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்ததை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன். தந்தையாரிடம் சொன்னபோது, "எங்கள் பள்ளி நூலகத்தில் அது பூட்டிய அலமாரியில் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்தால்தான் தொடவிடுவார்கள்" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "நீ படிக்க முடியாதே" என்றார். குற்றம் சொல்லும் குரலில் அன்று, வருத்தத்தோடு.

அவன் முகம் வாடியது. அன்று பிற்பகல், உண்ட களைப்பில் நாங்கள் கண்ணயர்ந்தோம். எழுந்து பார்த்தால், திண்ணையில் மாவு பரப்பிய முறத்தை நடுவே வைத்துக்கொண்டு தாத்தாவும் பேரனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தனர். பாட்டியம்மையாரிடம் கம்பு மாவைக் கேட்டு வாங்கியவன் பேரன்தான். தாத்தா 'அ' எழுதினார். அவன் அதன் பக்கத்தில் மராட்டியின் 'அ' எழுதினான். அவர் 'க' எழுத, அவனும் தன் 'க'வை எழுதினான். ஒருவருக்கொருவர் ஆசிரியர், ஒருவருக்கொருவர் மாணவர். பொழுது சாயுமுன் அவன் எட்டு எழுத்துகள் கற்றான், தந்தையார் ஐந்து. அடித்துவிட்ட ஒன்பது இடங்களுக்கும் போயிருந்தால் அந்தப் பிற்பகல் எங்களுக்குக் கிடைத்திருக்குமா?

வாசகர்களுக்குச் சில யோசனைகள்

இத்தகைய பயணத்தை மேற்கொள்ள விரும்புவோருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொல்கிறேன்.

காலம்: ஐப்பசி முதல் மாசி வரை ஏற்றது. மழைக்காலத்தில் பச்சை கண்ணைப் பறிக்கும். ஆனால் மலைப்பாதையில் மண்சரிவும் மூடுபனியும் உண்டு. முதியோரோடு அப்போது செல்வது நன்றன்று. தீபாவளி விடுமுறையையும், சனி ஞாயிறோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளையும் தவிருங்கள்.

வண்டி: சொந்த வாகனம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சுவார்கேட்டிலிருந்து வாய்க்கு அரசுப் பேருந்துகள் செல்கின்றன. வாயிலிருந்து மேணவலிக்கும் தோமுக்கும் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். கட்டணத்தை ஏறுமுன் பேசுவது நலம்.

தங்குமிடம்: ஓரிடத்தில் இரண்டு இரவாவது தங்குங்கள். இரவுக்கு ஓர் ஊர் என்று மாறினால் மூட்டை கட்டுவதிலேயே நாள் கழியும். முதியோர் இருந்தால் நான் கேட்ட மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மருந்துகளை ஒரு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

இடம்: நான்கு நாள் உள்ளவர்கள் வாயிலிருந்து பசரணி மலைப்பாதையில் ஏறினால், தோம் நீர்த்தேக்கத்தைக் கீழே பார்த்தபடி 13 கிலோமீட்டரில் பஞ்சகனியை அடையலாம். அதற்கப்பால் பிலார் என்ற சிற்றூர். 2017-இல் மகாராஷ்டிர அரசு இதைப் 'புத்தகங்களின் ஊர்' ஆக்கியது. ஊரார் வீடுகளிலேயே மராட்டி நூல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். யாரும் போய் உட்கார்ந்து படிக்கலாம். இது ஸ்ட்ராபெரி விளையும் ஊரும் ஆகும். குளிர்காலத்தில் தோட்டத்திலேயே பறித்த பழம் கிடைக்கும். பழைய மகாபலேசுவரத்தில் கிருஷ்ணை உள்ளிட்ட ஐந்து ஆறுகளின் ஊற்றாகப் போற்றப்படும் பஞ்சகங்கைக் கோயிலும் உண்டு. இவற்றுள் ஒன்றைப் பாருங்கள். மற்றவை அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

மொழி: நாலு மராட்டிச் சொல் தெரிந்தால் போதும், கதவுகள் திறக்கும். நமக்குத் தெரியாவிட்டால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களை முன்னே விடுங்கள். பெற்றோருக்கு வழிகாட்டும் பெருமை அவர்களுக்கு நன்று. வழிகாட்டப்படும் பணிவு நமக்கும் நன்று.

முடிவாக

தந்தையார் ஊருக்குப் போகாமல் நின்றுவிட்டார் என்று இக்கட்டுரையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் போனார். பங்குனியில், தாம் சொன்னபடியே, சென்னைக்கு ரயிலேறினார். ஐந்தாம் மாடி அவருக்கு ஐந்தாம் மாடியாகவே இருந்தது. அதை மூன்று நாள் பயணம் மாற்றிவிட முடியாது. ஆனால் இடைப்பட்ட இரண்டு மாதங்களும் முன்போல் கழியவில்லை. மாலைதோறும் பேரனோடு நடந்து போய், கடைப் பலகைகளைத் தட்டுத் தடுமாறி மராட்டியில் படிப்பார். காவற்காரரிடம் புன்னகையோடு இரண்டு சொல்லும் பேசத் தொடங்கியிருந்தார். புறப்படும் அன்று, "அடுத்த பொங்கலுக்கு வருகிறேன். அந்தப் பாட்டியம்மையாரிடம் அறையைச் சொல்லி வை" என்றார்.

சென்ற வாரம் என் மகன் அவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினான். கைப்பேசியில் பேசலாமே என்றேன்; எழுத்தில்தான் வேண்டும் என்று தாத்தா சொல்லியிருக்கிறாராம். நான்கு வரிகள். ல, ள, ழ மூன்றும் இடம் மாறிக் கிடந்தன. நான் திருத்தப் போனேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரியில் அவன் எழுதியிருந்தான்: "தாத்தா, எங்கள் ஆற்றுத் தண்ணீர் உங்களுக்கு வருகிறதா?"